டீசல் இல்லாத ஜோங்கா

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் பின்னால் வண்டிகளுக்கு சீட் தைக்கும் கடை வைத்திருக்கும் நிர்மலாதேவியிடம் நல்லா இருக்கீங்களா என்று யாராவது கேட்டால், "இருக்கறங்க, இன்னும் ஒரு வேல பாக்கி இருக்குது" என்பாள். கேட்டவர்கள் மகள் கல்யாணத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். மகள் பூவிழியோ ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், தன் கல்யாணத்தைத் தானே பார்த்துக்கொள்கிற தெளிவோடு இருந்தாள். நிர்மலாவுக்குப் பாக்கி இருந்தது வேறு. புருஷனின் அண்ணன் கிருஷ்ணப்பன் ஒரு நாள் ஜோங்கா வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஏறிக்கட்டுமா என்று அவளிடம் கேட்க வேண்டும். அதற்கு அவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். பல வருடமாக அந்தப் பதில் அவள் நாக்கு நுனியில் தயாராகக் காத்திருந்தது.

ஜோங்கா என்பது ராணுவம் ஓட்டி முடித்து ஏலத்தில் தள்ளிவிடுகிற வண்டி. ஜீப்பைவிட நீளம், லாரியைவிடக் குட்டை, பிடிவாதத்தில் இரண்டையும் மிஞ்சும். கிருஷ்ணப்பனும் தம்பி வீரமணியும் சேர்ந்து அதை ஏலத்தில் எடுத்தார்கள். பெட்ரோலை மடமடவென்று குடித்த பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றி, கல்யாணம், காதுகுத்து, ஒகேனக்கல் சவாரி என்று ஓட்டினார்கள். ஆர்.சி. புத்தகம் அண்ணன் பேரில் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் யார் பேரில் இருந்தால் என்ன என்று வீரமணி சொன்னான். அவன் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். வண்டிக்கு சீட் தைத்தவள் நிர்மலா. அரக்குக் கலர் ரெக்சின், உள்ளே தேங்காய் நார், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சீட் அவள் அதற்கு முன் தைத்ததில்லை.

அந்தப் புது சீட் போட்ட வாரத்திலேயே ஒரு மத்தியானம், காட்டு வேலை முடிந்து வந்த வீரமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. வாந்தி நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க நிர்மலாவுக்குப் பயமாக இருந்தது. இரண்டு வயல் தாண்டி மச்சினர் வீட்டுக்கு ஓடினாள். ஜோங்கா வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தது. கிருஷ்ணப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அவருக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. வண்டிய எடுங்க, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிர்லாம்."

"என்ன பண்ணுதாம்?"

"நெஞ்சு வலிக்குதுங்கறாரு. வாந்தியா எடுக்கறாருங்க."

கிருஷ்ணப்பன் திரும்பி வண்டிக்குள் பார்த்தார். தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"டீசல் இல்லம்மா" என்றார்.

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி ஓடினாள். பிற்பாடு அவளை அதிகம் சுட்டது அந்த 'சரிங்க மாமா'தான். நம்பினாள், பாருங்கள். நம்பி, மரியாதையாகப் பதிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் வீரமணியை நடுவில் உட்காரவைத்து, பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். தர்மபுரி எட்டுவதற்கு முன்பே அவன் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள்.

சாயங்காலம் பந்தல் சாமானும் பிளாஸ்டிக் நாற்காலியும் பாடைக்கு மூங்கிலும் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வாசலில் வந்து நின்றது. ஜோங்கா. கிருஷ்ணப்பன் இறங்கி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நிர்மலா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் தைத்த சீட்டின்மேல் துவைத்த போர்வை ஒன்றை விரித்திருந்தார்கள். மூங்கில் முனை ரெக்சினைக் கிழித்துவிடாமல் ஓரத்தில் சாக்கு மடித்து வைத்திருந்தது. பிணத்துக்கு வேண்டியதைக் கொண்டுவர டீசல் இருந்தது. தம்பி வாந்தி எடுத்து சீட் பாழாகிவிடும் என்பதுதான் விஷயம். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் கூடிப் பேசும். அவர் தலையைக் குனிந்து வருத்தம் தெரிவிப்பார். எல்லாருக்கும் காபி கொடுத்து அனுப்புவார்கள். அத்தனை மலிவாக அதைத் தீர்த்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. வண்டியில் பங்கும் கேட்கவில்லை. மச்சினர் வீட்டு விசேஷங்களுக்குப் போனாள், சாப்பிட்டாள், மொய் வைத்தாள். கிருஷ்ணப்பனும், தம்பி பெண்டாட்டி குணமானவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். குணமாம்!

ஆயில் மாற்றாமல் ஓட்டினால் எந்த வண்டிதான் தாங்கும்? சில வருடத்தில் ஜோங்காவின் இன்ஜின் இறுகிப்போனது. கிருஷ்ணப்பன் புது பிக்கப் ஒன்று வாங்கிக்கொண்டு, ஜோங்காவைப் புளியமரத்தடியில் தள்ளிவிட்டார். அதில் கோழி முட்டை வைத்தது. ஸ்டியரிங்கில் பாகல் கொடி ஏறியது. நிர்மலா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். ஒரு நாள் மெக்கானிக் அருள்குமாரின் பட்டறைக்குப் போய், அதை இரும்பு விலைக்குப் பேசி உன் பேரில் வாங்கித் தா என்றாள்.

"எதுக்குக்கா? ஒடச்சிப் போடவா?"

"ஓட்ட."

அருள்குமார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பட்டறைக்கு வரும் பாதி வண்டிகளுக்கு அவள்தான் சீட் தைத்துக் கொடுப்பவள். தட்ட முடியாமல் போய்ப் பேசினான். கிருஷ்ணப்பன், குப்பை ஒழிந்தது என்று ஆர்.சி. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போன வண்டி யார் வீட்டு வாசலில் நின்றது என்று அன்று பொழுது சாய்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்து, "தைக்கறவ மிலிட்டரி வண்டி ஓட்டப் போறாளாம்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பையும் நிர்மலா பழைய கணக்கோடு சேர்த்துக்கொண்டாள்.

கையில் பணம் கிடையாது. ஊசிதான் இருந்தது. அந்த ஊசியை வைத்தே வண்டியைக் கட்டினாள். அருள்குமார் வேலை பார்த்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் அவன் பட்டறைக்கு வந்த ஏதாவது ஒரு வண்டிக்குக் கூலியில்லாமல் சீட் தைத்தாள். லேத்துக்காரருக்கு அவருடைய ஆட்டோ முழுக்க டாப் போட்டுக் கொடுத்தாள். பதிலுக்கு அவர் பிரேக் டிரம்மைக் கடைந்து கொடுத்தார். தரைத் தகரம் சல்லடையாகிப் போயிருந்தது. டிங்கரிங் ஆள் பழைய தண்ணீர் டேங்க் தகரத்தை வெட்டி ஒட்டுப்போட்டார். அவர் வீட்டு சோபா இரண்டு இவள் கையால் புதுசாயிற்று. மொரப்பூரில் ரயிலேறி சேலத்துக்குப் போய், பழைய இரும்புக் கடைகளில் குனிந்து தேடி, கிளட்ச் சாமானையும் பின் விளக்கையும் கட்டைப்பையில் சுமந்துகொண்டு வந்தாள். பூவிழி லீவுக்கு வரும்போதெல்லாம் வாசலில் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

"அம்மா, இதுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கியிருந்தா நிம்மதியா போய்ட்டு வருவ."

"ஸ்கூட்டில உங்க பெரியப்பா ஏறமாட்டாரு."

மகளுக்குப் புரியவில்லை. நிர்மலாவும் விளக்கவில்லை.

இறுகிய இன்ஜினுக்குள் டீசலையும் ஆயிலையும் கலந்து ஊற்றி ஊறவைத்திருந்தான் அருள்குமார். தினமும் காலையில் காபி குடித்துவிட்டு, அவள் இரும்பு ஹேண்டிலை மாட்டி ஒரு தடவை முக்கிப் பார்ப்பாள். அசையாது. 'நீயும் டீசல் இல்லங்கறயா' என்று அதைத் திட்டிவிட்டுக் கடைக்குப் போவாள். மார்கழியில் ஒரு காலை ஹேண்டில் ஒரு விரல் அளவு நகர்ந்தது. அன்றைக்கு அவள் கடை திறக்கவில்லை. சந்தைக்குப் போய் ஒரு கிலோ கறி வாங்கிவந்து குழம்பு வைத்து, தனியாக உட்கார்ந்து நிறையச் சாப்பிட்டாள்.

கிருஷ்ணப்பன் அந்த வண்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, முன்பக்கம் தன் பேரைப் பெரிதாக எழுதிவைத்திருந்தார். அந்தப் பேரைச் சுரண்டும் வேலையை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை. உப்புத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தாள். 'கி'யில் தொடங்கி, நடுவில் இளைப்பாறி, டீ குடித்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? அது சந்தோஷமேதான். மஞ்சளுக்கு அடியில் ராணுவப் பச்சையும், அதில் ராணுவ வண்டி நம்பருக்கு முன்னால் போடுகிற, மேல்நோக்கிய வெள்ளை அம்புக்குறியும் தெரிந்தன. அந்தப் பச்சையை அடித்தால் ரோட்டில் பிடிப்பார்கள் என்று அருள்குமார் சொன்னதால் சந்தனக் கலர் அடித்தார்கள். கடைசியாகத்தான் சீட்டுக்கு வந்தாள். அதே அரக்கு ரெக்சின், அதே தேங்காய் நார், அதே இரட்டைத் தையல். லைசென்ஸ் எடுத்து, தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ஓட்டிப் பழகி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, தன் பேருக்கு மாற்றி முடித்தபோது வண்டி வந்து நாலு வருடம் ஓடியிருந்தது.

சரி, வண்டி ஓடுகிறது. பிக்கப் வைத்திருக்கிற மனிதர் இவளிடம் வந்து ஏன் ஏறிக்கட்டுமா என்று கேட்கப் போகிறார்? அதற்கும் நிர்மலா வழி வைத்திருந்தாள். ஆடிப் பதினெட்டு.

அன்றைக்கு ஊர் மாரியம்மனைச் சூலம், வேலோடு வண்டியில் ஏற்றி ஒகேனக்கல்லுக்குக் கொண்டுபோய்க் காவிரியில் குளிப்பாட்டி வருவது வழக்கம். போகிற வழியில் சிலை சாயாமல் பிடித்துக்கொண்டு உட்காரும் உரிமை வீரமணி வீட்டு மூத்த ஆணுக்கு. அது கிருஷ்ணப்பன். யார் வண்டியானாலும் அவர் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். முன்பெல்லாம் அம்மன் ஜோங்காவில் போனாள், அப்புறம் பிக்கப்பில். போன வருடம் கிருஷ்ணப்பன் காலையிலேயே கூலிச் சவாரி ஒன்று அடித்துவிட்டு, அம்மனை உச்சி வெயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊருக்கு அதில் கோபம் இருந்தது. பூசாரி கருப்பண்ணனிடம் நிர்மலா போய், "அம்மன் பழகுன வண்டி, இந்த வருசம் நான் தர்றங்க" என்றதும் எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

ஒரே ஒரு தடை இருந்தது. வேறு வண்டி மாற்றினால் அம்மனிடம் உத்தரவு கேட்க வேண்டும். கிடா ஒன்றை வண்டிக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றுவார்கள். கிடா தலை முதல் வால் வரை உடம்பை உதறித் துலுக்கினால் அம்மனுக்குச் சம்மதம். மூன்று தடவை ஊற்றியும் துலுக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம் என்று அர்த்தம். பிக்கப் மறுபடியும் வந்து நிற்கும்.

ஆடிப் பதினெட்டுக் காலையில் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. நிர்மலா கேனிலிருந்து டேங்க் வழிய வழிய டீசல் ஊற்றினாள். எல்லாரும் பார்க்கும்படி மெதுவாகத்தான் ஊற்றினாள். சிலையைப் பின்னால் ஏற்றினார்கள். பூஜைத்தட்டோடு பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களில் கிருஷ்ணப்பனின் மனைவி ஜானகியம்மாளும் ஒருத்தி. நிர்மலா டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டாள். கிருஷ்ணப்பன் வேட்டி மடிப்புக் கலையாமல் ஓரமாக நின்றார். கருப்பண்ணன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்.

கிடா சும்மா நின்றது. கழுத்து மாலையிலிருந்து ஒரு பூவை இழுத்துத் தின்றது.

கூட்டம் முணுமுணுத்தது. கிடா துலுக்காவிட்டால் சம்பந்தப்பட்ட வீட்டுக்குள் ஏதோ கசப்பு இருக்கிறது என்பதுதான் எங்கள் பக்கத்து நம்பிக்கை. கருப்பண்ணன் சொம்பைக் கீழே வைத்தார்.

"பங்காளிக்குள்ள மனஸ்தாபம் இருந்தா இப்பவே பேசித் தீத்துக்கங்க. அம்மன் முன்னால ஒளிக்காதிங்க."

எல்லார் கண்ணும் இரண்டு பேர் மேலும் போனது. கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு யார் மேலயும் ஒண்ணும் இல்லைங்க. தம்பிக்கு முடியாமப் போன அன்னைக்கு வண்டில டீசல் இல்ல. அத இந்தப் புள்ள மனசுல வச்சிக்கிட்டு இருக்குதோ என்னமோ."

அம்மன் சிலைக்கு எதிரில் நின்று, கூசாமல் அதே பொய். பூசாரி நிர்மலாவின் பக்கம் திரும்பி, "வுட்டுட்டன்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்றார். அவள் யோசித்தாள். கிடா துலுக்காவிட்டால் வண்டி போகாது. வண்டி போகாவிட்டால் இவர் ஏறக் கேட்க மாட்டார். நாலு வருட ஊசி வேலை வீண்.

"வுட்டுட்டங்க" என்றாள்.

கருப்பண்ணன் இரண்டாம் தடவை ஊற்றினார். கிடா காதைக்கூட ஆட்டவில்லை. கூட்டத்தில் யாரோ பிக்கப் சாவி எங்கே என்று கேட்டார்கள். கிருஷ்ணப்பன் இடுப்பில் செருகிய சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூசாரி மூன்றாம் தடவைக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டார்.

நிர்மலா வண்டியை விட்டு இறங்கினாள்.

"பொய் சொல்லிட்டங்க. வுடல" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. "டீசல் இருந்துச்சு. சாயங்காலம் அதே வண்டில பாட மூங்கில் வந்துச்சு. நான் தச்ச சீட் மேல போர்வ விரிச்சிருந்துச்சு. அவரு வாந்தி எடுத்துருவாருன்னு வண்டி தரல. தாயே, நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டன். அதுக்குத்தான் இந்த வண்டியக் கட்டுனன். ஒத்துக்கிட்டா ஒத்துக்க, இல்லாட்டிப் போ."

கருப்பண்ணன் கையிலிருந்த தண்ணீரைச் சாய்த்தார். கிடா கால்களை அகட்டிக்கொண்டு, தலையிலிருந்து வால் வரை படபடவென்று உதறித் துலுக்கியது. முன் வரிசையில் இருந்தவர்கள் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. பூசாரி கை தடுமாறி நேராகக் கிடாவின் காதுக்குள் ஊற்றிவிட்டார் என்று அருள்குமார் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் மெக்கானிக், அப்படித்தான் பேசுவான். ஊர் குலவை போட்டது. அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். மன்னித்தேன் என்றதற்குக் கொடுக்காத உத்தரவை மாட்டேன் என்றதற்குக் கொடுத்துவிட்டாள். இதில் யார் என்ன பேச முடியும்?

நிர்மலா ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். ஒரே சாவித் திருப்பலில் பிடித்துக்கொண்டது. பூசாரி, வழக்கத்தை மாற்ற மனமில்லாமல், "மூத்தவரு ஏறுங்க, செலயப் புடிங்க" என்றார். கிருஷ்ணப்பன் நடந்து வந்தார். காதோரம் வேர்த்திருந்தது. வீட்டு மூத்தவன் இல்லாமல் அம்மன் போனாள் என்ற பேர் வந்தால் பிறகு ஊரில் அவருக்கு என்ன மதிப்பு? பின்கதவுக்குப் போகாமல் டிரைவர் பக்கமே வந்து நின்றார். வண்டிக்காரியிடம் கேட்காமல் கால் வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நிர்மலா, ஏறிக்கட்டுமா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். அவர் அன்று பார்க்காத முகத்தை இன்று முழுசாகக் காட்டினாள்.

"டீசல் இல்லீங்க மாமா."

கிளட்சை விட்டாள். ஜோங்கா ஓர் உறுமலோடு நகர்ந்தது. பூசாரி ஓடி வந்து பின்னால் தொற்றிக்கொண்டு சிலையைப் பிடித்தார். கண்ணாடியில் கிருஷ்ணப்பன் கை தொங்க நின்றது தெரிந்தது. அவர் மனைவி ஜானகியம்மாள் இறங்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பென்னாகரம் தாண்டும்வரை நிர்மலாவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்? அந்த ஒரு வரியை மனசுக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். பிறகு ஒகேனக்கல் மலை இறக்கம் வந்தது. வளைவு மேல் வளைவு. பின்னால் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஜானகியம்மாள். முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அரக்கு ரெக்சின் முழுக்க வாந்தி.

"ஐயோ, உன் புது சீட்டு பாழாப்போச்சே நிர்மலா" என்று ஜானகியம்மாள் முந்தானையைப் போட்டுத் துடைக்கப் பார்த்தாள்.

நிர்மலா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

"எடுங்கக்கா, நல்லா எடுங்க. சீட்டுதான, கழுவுனாப் போவுது."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீரமணி செத்த அன்று போர்வையைப் பார்த்ததும் நின்றுபோன அழுகை அது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, அம்மனைக் காவிரிக்குக் கொண்டுபோனாள்.